நாடுகடத்தல் ஆணை ரத்தாவது எப்போது, ஏன்? சிங்கப்பூர்த் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் அரசாங்கம் தான் பிறப்பித்த வெளியேற்ற ஆணையைத் தானே திரும்பப் பெறுவது அரிது. ஆனாலும் அது நடக்கிறது. நடந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், ஆணை எந்தக் காரணத்தின்மேல் நின்றதோ அந்தக் காரணத்தை யாரோ ஒருவர் ஆதாரத்தோடு அசைத்திருப்பது தெரியும். சிங்கப்பூரில் நம்மவர்கள் எழுதும் முறையீட்டுக் கடிதங்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. வீட்டு வறுமை, தங்கையின் திருமணம், ஊரில் வாங்கிய கடன் என்று இரண்டு பக்கம் நிறைந்திருக்கும். எதற்காக வெளியேறச் சொன்னார்கள், அந்தக் காரணம் ஏன் பொருந்தாது என்று ஒரு வரியும் இருக்காது. கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு மனம் இளகினாலும், கோப்பில் எழுதிவைக்க அவர் கையில் ஒன்றும் இருக்காது.

அவருக்கு எழுதத் தகுந்த ஒன்றைக் கொடுப்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம். வேலை அனுமதிச் சீட்டில் இங்கே உழைப்பவர்கள், அவர்களை மணந்த சிங்கப்பூரர்கள், லண்டனிலோ டொராண்டோவிலோ மெல்பர்னிலோ சிக்கியிருக்கும் உறவினருக்கு இங்கிருந்தபடி உதவப் பார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

அரசாங்கங்கள் எதற்காக மனம் மாறுகின்றன

முதற் காரணம், ஆணையின் அடித்தளமே சரிந்துபோவது. தண்டனை மேல்முறையீட்டில் ரத்தாகலாம், அடையாளம் தவறென்று தெரியவரலாம், தகவல் பொய்யென்று நிரூபணமாகலாம். சிங்கப்பூரில் எல்லாரும் அறிந்த உதாரணம் பார்த்தி லியானி. இந்தோனேசியாவைச் சேர்ந்த இந்த இல்லப் பணிப்பெண் 2016 அக்டோபரில் வேலைநீக்கம் செய்யப்பட்டு உடனே ஊருக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் திரும்பி வந்தபோது விமான நிலையத்திலேயே கைதானார். திருட்டுக் குற்றச்சாட்டில் 2019இல் தண்டிக்கப்பட்ட அவரை, 2020 செப்டம்பர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் விடுவித்தது. இடையில் வந்த ஆண்டுகளில் வேலை செய்ய முடியாமல், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பின் காப்பகத்தில் தங்கி அவர் வழக்கை நடத்தினார். நாட்டுக்குள் இருந்தபடியே போராட முடிந்தது அவருக்குப் பெரிய பலம். ஊரில் இருந்துகொண்டு அந்த வழக்கை நடத்தியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, குடும்பம், அதிலும் குறிப்பாகக் குழந்தைகள். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1999இல் பேக்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. கனடாவில் பிறந்த பிள்ளைகளின் தாயான ஒரு ஜமைக்கப் பெண்ணின் மனிதாபிமான மனுவை நிராகரித்த அதிகாரி, அந்தப் பிள்ளைகளின் நலனைப் போதிய அளவு கருதவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அன்று முதல் கனடாவில் பிள்ளைகளின் நலனை ஒதுக்கிவிட்டு முடிவெடுப்பது கடினம்.

மூன்றாவது, திரும்பிப் போனால் ஏற்படக்கூடிய ஆபத்து. இதில் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கு ஐரோப்பாவுக்கே வழிகாட்டியானது. 2008 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தமிழரைப் பிரிட்டன் இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் அது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சித்திரவதைக்கு எதிரான 3ஆம் பிரிவை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. தமிழர் என்பதாலேயே எல்லாருக்கும் ஆபத்து என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த ஒருவருடைய முந்தைய கைதுகள், உடலில் இருந்த தழும்புகள் போன்ற விவரங்களைச் சேர்த்து எடைபோட்டது. சிங்கப்பூரில் இந்த வழி கிடையாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை.

நான்காவது காரணம் அரசியல். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிலோயிலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து அழைத்துச் சென்றார்கள். 2019 ஆகஸ்டில் அவர்களை ஏற்றிக்கொண்டு விமானம் பறந்துகொண்டிருந்தபோதே நீதிமன்றத் தடையாணை வர, விமானம் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவில் தடுப்புக்காவல். 2021இல் இளைய மகளின் உடல்நலம் மோசமானதால் பெர்த் மருத்துவமனை. 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் குடும்பம் பிலோயிலாவுக்குத் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. நீதிமன்றங்களில் அவர்களின் புகலிடக் கோரிக்கை தோற்றுக்கொண்டேதான் இருந்தது. அமைச்சரின் தனி அதிகாரம்தான் கடைசியில் காப்பாற்றியது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் அரசியல் தைரியத்தை, ஊர் மக்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் நடத்திய இயக்கம் தந்தது. அந்த ஊர்க்காரர்களை நான் மனதார மதிக்கிறேன்.

அரசுக்கே அந்த ஆள் தேவைப்படுவது இன்னொரு காரணம். அவர் வழக்கின் சாட்சியாக இருக்கலாம், மனிதக் கடத்தலில் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம், காயத்துக்கு இழப்பீடு கோருபவராக இருக்கலாம். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் புறப்படும் தேதி தள்ளிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

முதல் படி: கையில் இருக்கும் தாள் எது?

'டிப்போர்ட் பண்ணிட்டாங்க' என்று தேக்காவில் பேசிக்கொள்கிறோமே, அந்த ஒரே சொல்லுக்குள் சட்டப்படி முற்றிலும் வேறான பல காரியங்கள் அடங்கிக் கிடக்கின்றன. எது என்று தெரியாமல் எழுதும் கடிதம் தவறான கதவைத்தான் தட்டும்.

மிகச் சாதாரணமாக நடப்பது வேலை அனுமதி ரத்து. முதலாளி பெர்மிட்டை ரத்து செய்கிறார், அல்லது மனிதவள அமைச்சு ரத்து செய்கிறது. ஊழியருக்குக் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும். அது முடியும் தேதிக்குள் புறப்பட வேண்டும். இதை நாடுகடத்தல் ஆணை என்று சொல்ல முடியாது. இதன் பிறகு வேறு முதலாளியிடம் புதிய பெர்மிட்டில் வர முடியலாம்.

அடுத்தது குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் வரும் வெளியேற்றம். சட்டத்தின் 8ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட குடியேறிகள் யார் என்று பட்டியலிடுகிறது. குற்றத் தண்டனை பெற்றவர்கள் அதில் அடங்குவர். அனுமதிக் காலத்தைத் தாண்டித் தங்கியவர்களைப் பற்றி 15ஆம் பிரிவும், வெளியேற்றுவது பற்றி 31 முதல் 33 வரையிலான பிரிவுகளும் பேசுகின்றன. தண்டனை முடிந்து சிறையிலிருந்து நேரே விமானத்துக்கு அழைத்துச் செல்லப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர்.

மூன்றாவது, நாடுகடத்தல் சட்டம் என்ற தனிச் சட்டம். பொதுநலன் கருதி, குடியுரிமை இல்லாத ஒருவரை வெளியேற்ற அமைச்சருக்கு அது அதிகாரம் தருகிறது. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற அதிகாரம் இது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனை மலாயாவிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பியது இதே போன்ற அதிகாரத்தால்தான். சிங்கப்பூர்க் குடிமகன் எவரையும் நாடுகடத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. நிரந்தரவாசிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தாலும் நீலநிற அடையாள அட்டை குடியுரிமை ஆகாது. இதை நம் நிரந்தரவாசிகள் பலர் உணர்வதே இல்லை.

கடைசியாக, மறுநுழைவுத் தடை. வெளியேறிய பிறகு தெரியவருவது இதுதான். அதிலும் இரண்டு உண்டு. நாட்டுக்குள் நுழைவதற்கான தடை குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தைச் சேர்ந்தது. வேலை செய்வதற்கான தடை மனிதவள அமைச்சைச் சேர்ந்தது. வேலைத்தடை மட்டும் இருப்பவர் சுற்றுலாவாக வந்துபோக முடியலாம். ஒன்று நீங்கினால் மற்றொன்றும் நீங்கிவிடும் என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

கடிதத்தின் தலைப்பையும், அனுப்பிய அலுவலகத்தையும், தேதியையும், சட்டப்பிரிவு எண்ணையும், எஃப்ஐஎன் எனப்படும் உங்கள் வெளிநாட்டவர் அடையாள எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடிதமே தரப்படவில்லை என்றால், யார் எப்போது என்ன சொன்னார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நாள்களை எண்ணுங்கள்

அனுமதி முடிந்த பிறகு ஒரு நாள்கூடத் தங்காதீர்கள். 90 நாள் வரை அதிகமாகத் தங்கினால் 4,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 90 நாளைத் தாண்டினால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் சேரும். முறையீடு அனுப்பியிருக்கிறேன், பதில் வரும்வரை இருக்கலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து. முறையீடு தானாக நாள் நீட்டிக்காது. நீட்டிப்பு வேண்டுமானால் அதைத் தனியாகக் கேட்டு, கையில் வாங்க வேண்டும்.

சம்பளப் பாக்கி இருந்தால், வேலையில் இருக்கும்போது பிரச்சினை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலை முடிந்துவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும் டாடம் எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்பில் புகார் பதிய வேண்டும். அங்கே தீராவிட்டால் வேலை தொடர்பான உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கு கோரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கத்தின் வழியாகப் போனால் 30,000. வேலையில் காயம் பட்டவர்களுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம்.

மூன்றாம் படி: விமானம் ஏறுமுன் செய்ய வேண்டியவை

இந்தப் படியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். புறப்பட்ட பிறகு ஒரு தடையை நீக்குவதைவிட, புறப்படுமுன் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்வது எவ்வளவோ எளிது.

சம்பளப் பாக்கியோ காய இழப்பீடோ நிலுவையில் இருக்கும் ஊழியரை முதலாளி ஊருக்கு அனுப்பிவைக்கக் கூடாது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிக்காரருக்கும் முதலாளி அரசிடம் 5,000 வெள்ளி பாதுகாப்புப் பிணை கட்டியிருக்கிறார். நிபந்தனைகளை மீறினால் அதை இழக்க நேரிடும். கோரிக்கை முடியும்வரை உணவு, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் அவர் பொறுப்புதான். இந்தச் செலவு வேண்டாம் என்பதற்காகவே சிலர் ஊழியரை இரவோடு இரவாக விமான நிலையத்துக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். இதையே தொழிலாகச் செய்யும் தனியார் ஆட்களும் சிங்கப்பூரில் இருந்திருக்கிறார்கள்.

அப்படி நேர்ந்தால் தகராறு வேண்டாம், கைகலப்பு வேண்டவே வேண்டாம். சாங்கியில் குடிநுழைவு முகப்பில் உங்கள் முறை வரும்போது அதிகாரியிடம் நிதானமாகச் சொல்லுங்கள்: "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது. மனிதவள அமைச்சில் புகார் செய்ய வேண்டும். நான் விருப்பமில்லாமல் அனுப்பப்படுகிறேன்." இந்த மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பேசியில் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். தங்குவிடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அனுப்புங்கள்.

புகார் பதிவானால் பொதுவாக ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். நாட்டில் சட்டப்படி இருக்க அது வழி செய்கிறது. தனி அனுமதி இல்லாமல் அதை வைத்து வேலை செய்ய முடியாது. செய்தால் நல்ல வழக்கும் கெட்டுவிடும். அதை எப்போதும் உடன் வைத்திருங்கள், முடியும் நாளுக்கு முன்பே புதுப்பியுங்கள். சம்பளக் கோரிக்கை நியாயமானது என்று தெரிந்தால் புதிய முதலாளியைத் தேடிக்கொள்ளவும் மனிதவள அமைச்சு அனுமதிப்பது உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் ஊருக்குப் போனவர்கள் ஏராளம்.

வெளியேற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று தெரிந்துகொள்ள 2013ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியா கலவரம். அந்த மாதம் 20ஆம் தேதிக்குள் வெளிநாட்டு ஊழியர்கள் 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு எச்சரிக்கை அறிவுரை மட்டும் கொடுத்து இங்கேயே வேலை செய்ய விட்டார்கள். அனுப்பப்பட்டவர்களுக்கு நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. அதை மனித உரிமை அமைப்புகள் கேள்வி கேட்டன. சட்டப்படியே செய்தோம் என்றது அரசு. யார் எந்தப் பட்டியலில் சேர்ந்தார் என்பது காவல்துறையிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் முதலிய விசாரணை விவரங்களைப் பொறுத்திருந்தது. எனவே விசாரணையின்போது சொல்லும் வார்த்தைகள்தான் முதல் முறையீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். படித்துக் காட்டாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

நான்காம் படி: ஆதாரம் திரட்டுங்கள்

ஐபிஏ எனப்படும் கொள்கையளவிலான அனுமதிக் கடிதம், பெர்மிட் அட்டையின் இரு பக்கங்கள், கடவுச்சீட்டின் எல்லா முத்திரைப் பக்கங்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனைக் கடிதங்கள். வழக்கு இருந்திருந்தால் நீதிமன்ற ஆணையும் அபராத ரசீதும். குடும்பக் காரணம் என்றால் திருமணச் சான்றிதழ், பிள்ளையின் சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கடிதம், வீட்டு வாடகையோ கடனோ யார் கட்டுகிறார் என்பதற்கான சான்று. ஊரிலிருந்து காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். தமிழ்த் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

திருமணம் பற்றி ஒரு முக்கியமான விஷயம். வேலை அனுமதியில் இருப்பவரோ முன்பு இருந்தவரோ சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால், எங்கே மணந்தாலும் மனிதவள அமைச்சின் முன்அனுமதி தேவை. மாரியம்மன் கோவிலிலோ மதுரையிலோ தாலி கட்டிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றால், அந்தத் திருமணமே நுழைவுத் தடைக்குக் காரணமாகிவிடலாம். அவ்வாறு ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால், முறையீட்டில் அதை மறைக்காமல் சொல்லி, ஏன் அனுமதி வாங்கவில்லை என்பதை ஒரே பத்தியில் விளக்குங்கள்.

ஐந்தாம் படி: கடிதம்

ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்த ஆணையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பது. இரண்டாவது பத்தியில் அந்த ஆணைக்கு அரசு சொன்ன காரணமும், அதில் எது தவறு அல்லது எது மாறிவிட்டது என்பதும். மூன்றாவதில் ஆதாரங்கள், வரிசை எண்ணோடு. கடைசியில் நீங்கள் கேட்பது இன்னதென்று துல்லியமாக. தடையை முழுதாக நீக்கச் சொல்கிறீர்களா, ஒரு முறை மட்டும் வர அனுமதி கேட்கிறீர்களா, தடைக்காலத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா? சிறியதைக் கேட்பவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். மரணப்படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்க்க ஐந்து நாள் என்று கேட்பதற்கும், எல்லாத் தடையையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்கும் அதிகாரியின் மேசையில் வேறுபாடு உண்டு.

ஓர் உதாரணம் எழுதிக் காட்டுகிறேன். அனுமதி முடிந்தும் 12 நாள் தங்கியதற்காகத் தடைபெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

"என் வருகை அனுமதி மே 3ஆம் தேதி முடிந்தது. மே 15ஆம் தேதிவரை நான் நாட்டில் இருந்தது உண்மை. மே 1 முதல் 13 வரை நான் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன் (இணைப்பு 1). வெளியே வந்த இரண்டாம் நாளே நானாக ஆணையத்துக்குச் சென்று சரணடைந்தேன் (இணைப்பு 2). அபராதத்தை அன்றே கட்டினேன் (இணைப்பு 3). அதன் பிறகு எந்த நாட்டிலும் என்மீது குற்றப்பதிவு இல்லை (இணைப்பு 4). சிங்கப்பூரரான என் மனைவியோடும் மகளோடும் வாழ, நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்படி என் நுழைவுத் தடையை நீக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

தவறை ஒப்புக்கொள்கிறது, காரணத்தைத் தொடுகிறது, ஒவ்வொரு வரிக்கும் தாள் இருக்கிறது. வறுமை பற்றி எழுதவே கூடாதா? எழுதலாம், ஒரு வாக்கியம். அதிகாரி இளகுவதற்கும் ஒரு வாக்கியம் தேவைதான்.

ஆறாம் படி: யாருக்கு, யார் வழியாக

ஆணை பிறப்பித்த அலுவலகத்துக்குத்தான் முதற் கடிதம். அதற்குத் துணையாகச் சிங்கப்பூரில் ஒரு நல்ல மரபு இருக்கிறது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்வுக்குப் போனால், அவர் அமைச்சுக்கோ ஆணையத்துக்கோ கடிதம் எழுதித் தருவார். தடை பெற்றவரின் மனைவியோ கணவரோ சிங்கப்பூரராக இருந்தால் அவர் நேரில் போகட்டும், குழந்தையையும் அழைத்துப் போகட்டும். உறுப்பினரின் கடிதம் முடிவை மாற்றும் ஆணை ஆகாது. ஆனால் கோப்பு மறுபடி திறக்கப்படும், பதில் எழுத்தில் வரும். அந்தப் பதிலில் காரணம் பற்றிய குறிப்பு இருந்தால் அது பொன்னைப் போன்றது.

ஊழியர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம் ஆகிய அமைப்புகள் உண்டு. டிடபிள்யூசி2 அமைப்பு லிட்டில் இந்தியா பகுதியில் வழக்கு நடத்தும் ஊழியர்களுக்கு இலவச உணவு வழங்கியபடியே ஆலோசனையும் சொல்லி வந்திருக்கிறது. இந்தியர்கள் கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் நாடலாம். அரசின் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. மற்றவர்கள் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைகளைக் கேட்டுப் பாருங்கள்.

தடையை நீக்கித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது என்று பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஊரில் நகையை அடகு வைத்து இப்படி ஏமாந்த குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஏழாம் படி: நீதிமன்றம்

சிங்கப்பூரில் இந்தக் கதவு மிகக் குறுகலானது. குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவின்படி, அமைச்சரோ குடிநுழைவுக் கட்டுப்பாட்டாளரோ எடுத்த முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய முடியாது. சட்டம் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கலாம். 1988ஆம் ஆண்டு வழக்கொன்றில், தடைசெய்யப்பட்ட குடியேறி என்று அறிவிக்கப்பட்ட மலேசியப் பெண் ஒருவர் காரணம் கேட்டுப் போராடினார். நீதிபதி டி.எஸ். சின்னத்துரை அவர் மனுவைத் தள்ளுபடி செய்தார். முடிவு அநியாயம் என்று மட்டும் சொல்லி நீதிமன்றம் போய்ப் பயனில்லை. நடைமுறை மீறப்பட்டிருந்தால் போகலாம். ஆணையை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு மூன்று மாத அவகாசம்தான் உண்டு, ஆகவே வழக்கறிஞரைத் தாமதிக்காமல் பாருங்கள். மூலக் காரணம் குற்றத்தண்டனை என்றால் அந்தத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதே உண்மையான வழி.

உறவினர் வேறு நாட்டில் சிக்கியிருந்தால்

அங்கே நாள்கணக்கு இன்னும் கொடியது. ஆஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசா கட்டாயமாக ரத்தாகும். அந்த ரத்தைத் திரும்பப் பெறக் கேட்டு 28 நாளுக்குள் எழுத வேண்டும். அதிகாரி மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக 9 நாள்தான். நிர்ணயிக்கும் அளவுகோலும் அரசியலோடு ஆடும். 2023 மார்ச்சில் வந்த 99ஆம் எண் வழிகாட்டுதல், ஆஸ்திரேலியாவோடு ஒருவருக்குள்ள நெடுநாள் பிணைப்புக்கு அதிக எடை கொடுத்தது. அதனால் விசா திரும்பக் கிடைத்த சிலரின் குற்றங்கள் செய்தியானதும் பெரும் சர்ச்சை. 2024 ஜூனில் சமுதாயப் பாதுகாப்பை முன்னிறுத்தும் 110ஆம் எண் வழிகாட்டுதல் அதன் இடத்துக்கு வந்தது. எனவே பழைய வெற்றிக் கடிதத்தை நகலெடுத்து அனுப்பாதீர்கள், இன்று நடப்பில் உள்ள வழிகாட்டுதலைப் பார்த்து எழுதுங்கள்.

பிரிட்டனில் 1971ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, நாடுகடத்தல் ஆணையை உள்துறைச் செயலாளர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்தானால் நேரே போய் இறங்கிவிட முடியாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் தகுதிதான் திரும்பக் கிடைக்கும்.

கனடாவில் புறப்பாட்டு ஆணை பெற்றவர் 30 நாளுக்குள், எல்லை அதிகாரியிடம் பதிந்துவிட்டுப் புறப்பட வேண்டும். தவறினால் அது தானாக நாடுகடத்தல் ஆணையாக மாறிவிடும். பிறகு திரும்பி வரத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் வழக்கை மீண்டும் திறக்கக் கோருவதற்குப் பொதுவாக 90 நாள்.

எட்டாம் படி: காத்திருப்பதும் மறுமுறை எழுதுவதும்

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை. மனம் உடைந்து அதே வாரம் அதே கடிதத்தை மறுபடி அனுப்பாதீர்கள். புதிய செய்தி ஒன்று வேண்டும். குழந்தை பிறந்திருக்கலாம், மருத்துவ அறிக்கை வந்திருக்கலாம், தண்டனை ரத்தாகியிருக்கலாம், தடைக்காலத்தின் பெரும்பகுதி குற்றமின்றிக் கழிந்திருக்கலாம். அதை மட்டும் முன்னிறுத்தி எழுதுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் வேறு பெயரில் கடவுச்சீட்டு எடுத்து வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சோதனைச்சாவடியில் கைரேகையும் முகமும் கருவிழியும் பேசிவிடும். வெளியேற்றப்பட்டவர் கட்டுப்பாட்டாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் திரும்பி நுழைந்தால் ஓராண்டுக்குக் குறையாத சிறை, மூன்றாண்டு வரை போகலாம். 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. ஒருமுறை இந்தத் தவறைச் செய்தவரின் முறையீட்டை எவ்வளவு நன்றாக எழுதினாலும் எடுபடாது.

ஒன்பதாம் படி: தடை நீங்கிய பிறகு

நீக்கக் கடிதம் வந்ததும் அதன் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். முழு நீக்கமா, ஒரு பயணத்துக்கு மட்டுமா, எந்தத் தேதிவரை, வேலைக்கும் பொருந்துமா? இந்தியக் குடிமக்களுக்கு விசா தனியாக வேண்டும். அதற்கான 14ஏ படிவத்தில், எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டோ வெளியேற்றப்பட்டோ இருக்கிறீர்களா, தண்டனை பெற்றிருக்கிறீர்களா, சிங்கப்பூரில் நுழையத் தடை இருந்ததா, வேறு பெயரிலோ வேறு கடவுச்சீட்டிலோ வந்திருக்கிறீர்களா என்று நேராகக் கேட்கும். தடை நீங்கிவிட்டதே என்று அங்கே 'இல்லை' என்று குறிப்பவர்கள் பொய்த்தகவல் என்ற புதுக் காரணத்தைத் தாங்களே உண்டாக்கிவிடுகிறார்கள். 'ஆம்' என்று குறித்து, நீக்கக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கீழே எழுதுங்கள்.

மலேசியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் இந்த வடிகட்டல் முன்கூட்டியே நடக்காது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும்போதுதான் பழைய பதிவு தெரியவரலாம். கடிதத்தின் அச்சுப்பிரதி கையில் இருக்கட்டும், கைப்பேசியில் இருக்கும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். முதல் பயணத்துக்கு, வார நாளில், அலுவலக நேரத்தில் வந்து இறங்கும் விமானத்தையோ பஸ்ஸையோ தேர்ந்தெடுங்கள். அதிகாரி தொலைபேசியில் சரிபார்க்க வேண்டியிருந்தால் மறுமுனையில் எடுத்துப் பேச ஆள் இருப்பார்.